கொடியக்காவின் எண்ணிக்கை

துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிற நாளில் கொடியக்காவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலை எட்டரைக்குப் பயணிகளை வேனில் ஏற்ற வேண்டும். மணிக்கூண்டு, கப்பல் பொம்மைகள் வைத்திருக்கும் அருங்காட்சியகம், ஆற்றுப்பாலம், கடைசியாகக் கண்ணாடிக் கூரை போட்ட பழைய மார்க்கெட் என்று ஊரையே அவர்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும். நடுவில் அவர்கள் வயிற்றையும் கவனிக்க வேண்டும். நாலு மணிக்குத் துறைமுக வாசலில் ஆட்களை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நாலரைக்குக் கப்பல் கிளம்பிவிடும். அது யாருக்காகவும் நிற்காது.

பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. கையில் எப்போதும் ஆரஞ்சுக் கொடி இருப்பதால் டிரைவர்களும் கடைக்காரர்களும் கொடியக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுடைய சொந்தப் பெயரே காணாமல் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு மட்டும் அது தெரியும். அவரும் இப்போதெல்லாம் சில நாள் மறந்துவிடுகிறார்.

கொடியக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. இத்தனை வருடத்தில் ஓர் ஆளைக்கூட அவள் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஒவ்வொருவர் சட்டையிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவாள். வண்டி கிளம்புமுன் முதல் இருக்கையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து, வாய்விட்டு எண்ணுவாள். முகத்தைப் பார்த்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் எண்ணிக்கை தப்பும் என்பது அவள் கட்சி. இன்னொரு வழிகாட்டி ஒரு தடவை கணவன் மனைவி இரண்டு பேரை அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தபோது, இவள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நல்ல மனசுதான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

அன்றைக்கு வேனில் பதினாறு பேர். அவர்களோடு, ஸ்டிக்கர் இல்லாமல் இன்னொருவரும் இருந்தார். அது அவள் வீட்டுக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பிவிட்டது, ஞாபகம் முழுசாகத் திரும்பவில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டுத் தையல்காரம்மா, மகளுக்குப் பிரசவம் என்று அதிகாலையில் கிளம்பிப் போய்விட்டாள். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வேறு வழியில்லாமல் கொடியக்கா அவரைக் கூட்டிவந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்த்திவைத்தாள். கூடவேதானே இருக்கப்போகிறார் என்று, வழக்கமாக அவர் சட்டைப்பையில் வைக்கும் போன் நம்பர் எழுதிய சீட்டைக்கூட அன்று வைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்கண்ணாடி வழியாக வெயில் அவர் முகத்தில் அடித்தது. "பின்னால நீட்டு சீட்ல போய்ப் படுங்க" என்று அவளே அனுப்பினாள். பயணிகளின் பைகளும் கோட்டுகளும் குவிந்துகிடந்த அந்த இருக்கையில் அவர் படுத்துக் கண்ணை மூடினார். மார்க்கெட்டில் இருபது நிமிடம் விட்டாள். "மூணாவது கடையில பொரிச்ச மீன் சாப்பிடாம கப்பல் ஏறினீங்கன்னா, நீங்க இந்த ஊருக்கே வரலன்னு அர்த்தம்" என்று மைக்கில் சொன்னாள். எல்லாச் சுற்றுலாவிலும் சொல்வதுதான். திரும்பி வந்ததும் ஒன்று முதல் பதினாறு வரை தொட்டு எண்ணினாள். "எல்லாரும் சரி. வண்டிய எடு" என்றாள்.

பாலத்தைத் தாண்டிப் பத்து நிமிடம் போனதும் மாத்திரை ஞாபகம் வந்தது. தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனாள். அவர் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதுபோல ஒரு கோட்டு கிடந்தது. "எழுந்திருங்க" என்று அதை விலக்கினாள். கீழே இரண்டு பைகள் இருந்தன.

ஒரு நொடி எல்லா இருக்கைகளையும் பார்த்தாள். பிறகு, அர்த்தமே இல்லாமல், இருக்கைகளுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். விழுந்தடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"வண்டிய நிறுத்து. அவர் இல்ல."

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "பின்னாலதான படுத்திருந்தாரு அக்கா?"

"இல்லங்கறேன்ல."

ஓரமாக நிறுத்தினான். மணி மூன்றரை. திரும்பிப் போய்வந்தால் பாலத்து நெரிசலில் கப்பல் போய்விடும். இறங்கிப் போனால் துறைமுக வாசலில் ஆட்களை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க ஆள் கிடையாது. வழிகாட்டி கூட்டத்தை விட்டு நகரக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே கொடியக்காதான்.

"ஆபீசுக்கு போன் போட்டு வேற யாரையாவது அனுப்பச் சொல்லலாமா?" என்றான் டிரைவர். யாரை அனுப்பினாலும், தன் வீட்டு நம்பரைக்கூடச் சொல்லத் தெரியாத மனுஷனை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆற்றில் இறங்கும் படிக்கட்டு இருக்கிறது. அதற்குக் கம்பிவேலி கிடையாது.

அப்போது பதினோராம் எண் எழுந்து நின்றாள். காலையிலிருந்து காபி தண்ணீராக இருக்கிறது, மணிக்கூண்டில் படி அதிகம், மீனில் முள் என்று குறை சொல்லியே கொடியக்காவின் உயிரை எடுத்த அம்மாள்.

"என்னம்மா யோசிக்கறீங்க? எறங்குங்க. கப்பல் எங்க நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க என்ன பச்சக் குழந்தைங்களா?"

கொடியக்கா இறங்கினாள். கொடி வேனிலேயே கிடந்தது.

டாக்சி ஒன்றும் நிற்கவில்லை. பாலத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஐம்பத்திரண்டு வயசு முழங்கால் இரண்டும் கெஞ்சின. பயணிகளை நிறுத்தி ஆற்றின் அழகைக் காட்டும் இடத்தில் இன்று அவள் ஆற்றைப் பார்க்கவே பயந்தாள். பார்த்தால் ஏதாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று நினைத்தாள். ஆபீசிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் மூன்றாவது கடைக்குத்தான் ஓடினாள். மீன் பொரிக்கிறவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீல சட்டையா? வரிசையில நின்னாரே. உன் பேர சொன்னாரு. நான் யாரோன்னு முழிச்சேன். அப்புறம் கொடி புடிக்கறவன்னு சொல்லவும்தான் புரிஞ்சுது. ஒரு பொட்டலம் வாங்கிட்டு அந்தப் பக்கம் போனாரு. அரை மணி நேரம் இருக்கும்."

கை காட்டியது ஆற்றுப் பக்கம்.

தன் பெயரை அவர் சொன்னாராம். அதை நினைக்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை. படிக்கட்டுக்கு ஓடினாள். இரண்டு பேர் வலை அலசிக்கொண்டிருந்தார்கள். நீல சட்டை யாரையும் அவர்கள் பார்க்கவில்லை. தண்ணீர் ஓரத்துக் கடைசிப் படிவரை இறங்கி, பாசி வழுக்கியும் பொருட்படுத்தாமல், இரண்டு பக்கமும் பார்த்தாள். மேலே ஏறி ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று, வெட்கத்தை விட்டுக் குரல் கொடுத்தாள். காய்கறிச் சந்து, பழைய புத்தகச் சந்து, பூட்டிய கடைகளின் இருட்டுச் சந்து என்று ஒன்று விடவில்லை. ஊரில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லக்கூடியவள். இருக்கிற மூலையெல்லாம் இன்று அவளுக்கு எதிரியாக நின்றன. நான் மனுஷியா, எண்ணத் தெரிந்த கழுதையா என்று தன்னையே திட்டினாள். கண்ணீர் வந்து பார்வையை மறைத்தது, துடைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு ஹாரன் நிறுத்தாமல் அலறியது. யாரோ வண்டியில் அடிபட்டுவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். சத்தம் வந்த பக்கம் ஓடினாள்.

பெரிய பஸ் ஒன்று வண்டி நிறுத்தும் கட்டத்துக்குள் பாதி நுழைந்து நின்றது. அதன் முன்னால், அவர்களுடைய வேன் நின்ற அதே கட்டத்தின் நடுவில், எண்ணெய் ஊறிய மீன் பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"இது எங்க வண்டி நிக்கற எடம்பா" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "இப்ப வந்துடும். என் பொண்டாட்டி எண்ணாம வண்டிய எடுக்க விடமாட்டா."

உலகமெல்லாம் தேடியவள் வண்டி நின்ற இடத்தில் மட்டும் தேடவில்லை. அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். அவர் முகம் வெயிலில் சிவந்து, சட்டை நனைந்திருந்தது. நாற்பது நிமிடமாக அங்கேயே நின்றிருக்கிறார். பஸ் உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

"வந்துட்டியா" என்றார். "எண்ணினியா?"

"எண்ணினேங்க."

"சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. ஒருத்தரும் விட்டுப்போகல."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அவரும் நாளைக்கு மறந்திருப்பார். அவளால் முடியவில்லை.

"இல்லங்க. ஒருத்தர விட்டுட்டேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் பதறிப்போனார். இந்த வேலையில் அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியும். "அழாத, அழாத" என்று அவள் தோளைத் தட்டினார். "எங்க போயிருக்கப்போறாங்க? பாவம், எங்கயாவது முழிச்சுட்டு நிப்பாங்க. வா, ரெண்டு பேருமா தேடுவோம்."

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்தார்.