வந்த காரணம்

கொசுப்புழு புண்ணியத்தில் எனக்கு ஒரு துணை கிடைத்தது. சிரிக்க வேண்டாம், உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஊரில் பாதிப் பேர் சிக்குன்குனியா வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த காலம் அது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் பணியாளர்களுக்காக, செல்போனில் ஓடும் மென்பொருள் செய்து தருவது என் வேலை. கம்பெனி சென்னையில் இருந்தது. நான் மட்டும் புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் பிரான்சில். வருடத்துக்கு ஒரு முறை வந்து, குழாய்களைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கட்டடத்தில் சத்தம் போடுகிற ஜீவன்கள் நானும் என் ஃபிரிட்ஜும்தான்.

பணியாளர்களுக்குக் கொடுத்தவை பட்டன் போன்கள். அவற்றில் தமிழ் எழுத்து வராது. அதனால் திரையில் தெரிய வேண்டிய ஒவ்வொரு வார்த்தையையும் சின்னப் படமாக வரைந்து உள்ளே வைத்தேன். 'புழு உண்டு', 'புழு இல்லை', 'வீடு பூட்டு'. முதல் திரையில் 'வந்த காரணம்' என்று கேட்கும். வாரச் சுற்று, புகார், மறுபார்வை என்று மூன்று பதில்கள். ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த திரை வரும். இந்த மாதிரி விஷயங்களில் நான் கறார்.

எங்கள் தெருவுக்கு வந்தவர் அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அக்கா. செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டருகே நின்று "இருக்கீங்களாம்மா?" என்று குரல் கொடுப்பார். நான் எங்கே போகப்போகிறேன்? மாடியேறி வந்து டார்ச் அடித்து சின்டெக்ஸ் தொட்டியைப் பார்ப்பார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை இழுத்துப் பார்ப்பார். பூந்தொட்டியைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவருடைய முட்டிவலி, பஸ்ஸில் நடந்த சண்டை, அடுத்த தெருவில் அவரைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிட்ட மனிதர் எல்லாம் வந்துவிடும்.

முதலில் இதை நான் வேலையில்தான் சேர்த்திருந்தேன். எந்தப் பட்டனில் அவர் விரல் தடுமாறுகிறது என்று பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகப் போக, திங்கட்கிழமை சாயங்காலமே வீட்டைப் பெருக்க ஆரம்பித்தேன். அம்மாவோடு போனில் பேசுவதைத் தவிர்த்தால், என் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். மளிகைக் கடைக்காரர் கணக்கில் வரமாட்டார். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சில்லறை கொடுப்பார்.

மழைக்காலத்துக்கு முன்னால் சுகாதாரத் துறை அலுவலகத்தில் ஒரு பேச்சு வந்தது. ஆட்கள் குறைவு, வீடுகள் அதிகம். எப்போதும் சுத்தமாக இருக்கும் வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போவானேன் என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. தொடர்ந்து சில வாரம் புழு இல்லாவிட்டால் அந்த வீடு தானாகவே சுற்றிலிருந்து விலகிவிடும்படி எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்த செவ்வாய் கேட்டருகே குரல் வரவில்லை. பால்கனிக்கு வந்து பார்த்தால், அக்கா போனைப் பார்த்தபடி எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"உங்க வீடு லிஸ்ட்லருந்து போயிடுச்சும்மா. அவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க. இனிமே வந்து தொந்தரவு பண்ணமாட்டேன்."

நல்ல சேதி சொல்கிற முகம். நானும் பல்லைக் காட்டித் தலையாட்டினேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் நான் செய்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம். மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் பிடித்து வைத்தேன். புழு வந்தால் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் அவர் வந்துதான் ஆக வேண்டும். அதுவும் நான் எழுதிய விதிதான். சில நாளிலேயே மக்கில் நெளிய ஆரம்பித்தது. குனிந்து பார்த்து நிமிர்ந்தபோது, எதிர் மாடியில் ஒரு அம்மாள் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தபடி வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மக்கைச் சுடுகிற தரையில் கவிழ்த்துவிட்டு, ஈரம் காய்கிறவரை அங்கேயே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை பால்கனியில் காத்திருந்து நானே கூப்பிட்டேன். "அக்கா, கொஞ்சம் மேல வந்துட்டுப் போறீங்களா?"

ஏதோ புழு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வலிக்கிற முட்டியோடு வேகமாக ஏறி வந்தார். தொட்டியில் டார்ச் அடித்தார், ஃபிரிட்ஜ் தட்டை இழுத்தார், பூந்தொட்டியைச் சாய்த்தார். ஒன்றும் இல்லை. போனை எடுத்து என் வீட்டு எண்ணைத் தட்டினார்.

"வந்த காரணம்னு கேக்குதும்மா. என்ன போடட்டும்?"

வாரச் சுற்று இல்லை, புகார் இல்லை, மறுபடி பார்க்கவும் ஒன்றும் இல்லை. நான்காவதாக ஒரு படம் வரைந்து சேர்ப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. அதில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்."

அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"சும்மான்னு இதுல போட முடியாதே. நான் வந்ததாவே இருக்காது."

"பரவால்லக்கா."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவரப் போன என்னைத் தடுத்து, இன்றைக்குக் காப்பியே போடுங்கள் என்றார்.

பாலும் பொடியும் இருந்தன. டம்ளர்தான் ஒன்றே ஒன்று. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன்.