இப்பதான் குடிச்சனான்

நான் குடிக்கும் ஒவ்வொரு கோப்பியையும் படம் பிடித்து ஒரு நோர்வேஜியருக்கு அனுப்பினேன் என்றால் ஊரில் யாராவது நம்புவீர்களா? அவர் பெயர் யூனாஸ். பேர்கன் நகரில் எங்கள் தெருமுனை ஜிம்மில் ரெயினர். இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறினால் மாத்திரைதான் என்று டொக்டர் பயம் காட்டியதால், அவரிடம் பன்னிரண்டு கிழமைத் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். ஓட்டத்தையும் உணவு அளவையும் எப்படியோ தாங்கிக்கொண்டேன். கோப்பியில்தான் திகைத்துப்போனேன். சீனியும் பாலும் கூடாது. மதியத்துக்குப் பிறகு கோப்பியே கூடாது. ஒழுங்காக நடந்த நாளுக்குத் தொலைபேசிச் செயலியில் பச்சைப் புள்ளி விழும், தவறினால் சிவப்பு. ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி புள்ளிக்குப் படிக்கத் தொடங்கினேன்.

ஐந்தாவது கிழமையில் ஊருக்குப் போகிறேன், அங்கே கால் வைக்கிற வீடெல்லாம் கோப்பி தருவார்கள் என்று யூனாசிடம் சொன்னேன். "நை தக் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்" என்றார். வேண்டாம், நன்றி என்று அர்த்தம். அவரில் பிழையில்லை. நான் இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். நம் வழக்கப்படி முதலில் வேண்டாம் என்றேன். இன்னொரு தரம் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளோ சாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்ற சொல்லை ஒருவர் அப்படியே நம்பிவிடுவார் என்பது அன்று எனக்குப் பெரிய அதிர்ச்சி. வாசத்தோடு வீடு திரும்பினேன்.

எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் நை தக் செல்லுபடியாகவில்லை. முதல் நாலைந்து வீடுகளில் சீனி, டொக்டர், திட்டம் என்று விளக்கம் கொடுத்தேன். "அங்கை நோர்வேயிலை சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடோ?" என்று மச்சாள் நக்கலடித்தாள். விளக்கி விளக்கி வாய் உளைந்தது. பிறகு சுலபமான ஒரு வசனம் தானாக நாக்கில் வந்து நின்றது: "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்." சொந்தக்காரர் வீடுகளில் அது நன்றாக வேலை செய்தது. பச்சைப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

அப்படியே ஒரு நாள் பின்னேரம் மலர் வீட்டுக்குப் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் வகுப்பில் ஒரே வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், இப்போது ஆசிரியை. ஊருக்கு வருவதே பாதி அவளைப் பார்க்கத்தான். கட்டிப்பிடித்தோம், அழுதோம், பழைய கணக்கு மாஸ்டரைப் போல நடித்துச் சிரித்தோம். நாலு மணிக்கு அவளுடைய அம்மா தட்டில் கோப்பி கொண்டுவந்தார். புதுக் கோப்பைகள். ஒன்றின் பிடிக்கருகில் கடை ஸ்ரிக்கர் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. எனக்காகவே வாங்கியிருக்கிறார்கள்.

"வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சனான்."

அன்ரியின் கை அப்படியே நின்றது. மலரின் முகத்திலிருந்த சிரிப்பு காணாமற்போனது.

"ஓம் பிள்ளை," என்றார் அன்ரி மெதுவாக. "உங்கடை ஆக்கள் எப்பவும் இப்பதானே குடிச்சிட்டு வாறவை."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பன்னிரண்டு வயதில், மலரின் கணக்குக் கொப்பியை இரவல் வாங்க இதே வீட்டு வாசலில் நின்றபோது, இதே அன்ரி நீட்டிய கோப்பிக்கு இதே வசனத்தைத்தான் சொன்னேன். அம்மா சொல்லிக் கொடுத்த வசனம். சாதியின் பேரால் எங்கள் வீட்டார் இவர்கள் வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடிப்பதில்லை. மலர் எங்கள் வீட்டுக்கு வந்தால் குசினியின் பின்வாசலில், அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கிளாசில் கோப்பி கொடுப்பார்கள். அந்தக் கிளாசை அவளிடம் எத்தனையோ தரம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். எல்லாம் தெரிந்துதான் கொடுத்தேன்.

பதறிப்போய்த் தொலைபேசியை எடுத்தேன். திட்டத்தைக் காட்டினேன், பச்சைப் புள்ளிகளைக் காட்டினேன், டொக்டர் சொன்னதைச் சொன்னேன். மலர் பொறுமையாகப் பார்த்தாள்.

"அப்பவும் ஏதோ ஒரு காரணம் இருந்ததுதானே, பவானி. இப்ப அது போனிலை வந்திருக்கு."

"சத்தியமாய் அதில்லை மலர். தாங்கோ அன்ரி, நான் குடிக்கிறன்."

"ஆறிப் போச்சுது பிள்ளை. மனமில்லாமல் குடிக்கப்படாது."

தட்டு உள்ளே போனது. கோப்பியை வாழையடியில் ஊற்றும் சத்தம் கேட்டது. வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் தொலைபேசி அதிர்ந்தது. அன்றைய நாளுக்குப் பச்சைப் புள்ளி, கூடவே ஒரு பாராட்டு. கிணற்றுக்குள் எறியலாம் போலிருந்தது.

அன்றிரவே மலரை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். அம்மா இப்போது இல்லை. வீடு என் பொறுப்பு. முன் விறாந்தை கடந்து நடு ஹோலில் அவளை இருத்தினேன். அங்கே அவள் இருந்தது அதுதான் முதல் தரம். ஒரே மாதிரியான இரண்டு கோப்பைகளில், சீனியும் பாலும் போட்டு, நானே கோப்பி கலந்து கொண்டுவந்து வைத்தேன். மலர் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேண்டாமடி. இப்பதான் குடிச்சனான்."

குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. என் சீனி வருத்தத்தை விசாரித்தாள், மகளின் படிப்பைக் கேட்டாள், கவனமாய் இரு என்று சொல்லி எழும்பினாள். அவள் கேற்றைச் சாத்திவிட்டுப் போன பிறகு இரண்டு கோப்பியையும் நானே குடித்தேன். இரண்டையும் படம் பிடித்து அனுப்பினேன். "ஓ, விருந்தா?" என்று யூனாஸ் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்.

திட்டம் முடிந்துவிட்டது. சீனி இறங்கிவிட்டது, டொக்டருக்குச் சந்தோசம். மலருக்கு மூன்று தரம் எழுதினேன். பிள்ளைகளின் படம், மழை பெய்தது, நல்லூர்த் தேர் என்று பதில் வருகிறது. கோப்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. போன கிழமை ஜிம்மில் கடைசி நிறுவை. கோப்பி வேண்டுமா என்று கேட்டார்கள், நை தக் என்றேன், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நிம்மதியை நான் விரும்புகிறேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

யூனாஸ் திரையைக் காட்டினார். எண்பத்து நாலு நாள், ஒரேயொரு சிவப்பு. "விடுமுறையில் நடந்ததுதானே, இதை அழித்துவிடலாம்" என்றார். வேண்டாம் என்றேன். நேர்மையானவள் என்று தோளில் தட்டினார். அதற்கு இரண்டு நாள் முன்னால், மலர் வீட்டுக்குப் போன நாளில் விழுந்த பச்சையில் விரலை வைத்து, இதை அழிக்க முடியுமா என்று கேட்டேன். விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"பச்சையை யாராவது அழிப்பார்களா? அதற்கு இதில் வழியே இல்லை" என்றார்.