ஒரு தட்டு என்றால் நில்

என் பெரியப்பாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இன்ஜினைத்தான் நம்புவார். என்னைச் சுத்தமாக நம்ப மாட்டார். அவர் செருப்புக்குள் கிரீஸ் தடவியவள் நான் என்பதால், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சொந்த லாரி, சிமெண்ட் லோடு. டிரைவரும் முதலாளியும் அவரே. கிளீனர் ஒல்லி மாமா. வண்டி திரும்பும்போது பின்னால் நின்று பாடியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். பெரியம்மா பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் ஏறாத பெரியப்பாவுக்கு அந்தத் தட்டு மட்டும் தூக்கத்திலும் கேட்கும்.

போன மழைக்காலத்தில், தண்ணீர்த்தொட்டி ஏற்றத்தில், ஒல்லி மாமா செத்துப்போனார். காற்றில் தார்ப்பாய் தூக்குகிறது என்று லோடு மேலே ஏறி உட்கார்ந்து வந்தவர். மாரடைப்பு என்றார்கள். பெரியப்பா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதன் பிறகுதான் லாரிக்கு நோய் வந்தது. வேறெங்கும் குதிரை மாதிரி ஓடும். அந்த ஏற்றத்தில் மட்டும் பாதியில் சக்தி விழுந்து, முதல் கியரில் முக்கி முனகி ஏறும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, பம்ப், இன்ஜெக்டர், டர்போ எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். லாரியின் பாதி விலை வரும்.

"வித்துரலாம்" என்றார் பெரியப்பா. குரலில் கவலையைத் தேடினேன். விடுதலைதான் இருந்தது.

"வித்துட்டு? வீட்ல உக்காந்து ஈ ஓட்டப் போறீங்களா?" என்றார் பெரியம்மா. "ஒத்தப் பல்லுக்கு ரெண்டு டாக்டர் பாத்த மனுசன். இதையும் இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. இவளையும் கூட்டிட்டுப் போங்க."

"இவ எதுக்கு?"

"போனீங்களா, பாதி வழியில டீ குடிச்சிட்டுத் திரும்பிட்டீங்களான்னு எனக்கு யாரு சொல்றது?"

இப்படித்தான் எனக்கு ஒற்றர் வேலை கிடைத்தது.

இன்ஜின் டீசல் பம்ப் மட்டும் பழுது பார்க்கும் ஒரு அக்கா இருந்தார். ஒற்றை அறைக் கடை. ட்ரே ட்ரேயாகக் கழற்றி வைத்த பம்புகள். ஓடும் இன்ஜினின் குழாய்களில் இரண்டு விரலை வைத்து, நாடி பார்ப்பதுபோல் நின்றார்.

"வெறும் வண்டி எல்லாம் நல்லாத்தான் ஓடும். லோடோட அந்த ஏத்தத்துல ஏத்துங்க. நானும் வர்றேன்."

"வேணாம்மா. ஏற்கனவே ஒருத்தர் பாத்துச் சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்குண்ணே என்கிட்ட வந்தீங்க?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "பெரியம்மா" என்றேன். அவ்வளவுதான், அடுத்த லோடுக்கு மூன்று பேரும் ஏறிவிட்டோம்.

ஏற்றம் தொடங்கியது. பம்ப் அக்கா கண்ணாடியில் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதியில் பெரியப்பாவின் முகம் வெளுத்தது. வண்டி பொசுக்கென்று தளர்ந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா இப்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. கீழே, பெரியப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே சமதளத்துக்கு வந்து நின்றதும் சொன்னார்: "இன்ஜின்ல ஒண்ணும் இல்லண்ணே. நீங்கதான் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கிறீங்க."

பெரியப்பா ஸ்டியரிங்கை விடவில்லை. "தட்டுறான்" என்றார்.

அக்கா உடனே என்னைப் பார்த்தார். எல்லோரும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"சத்தியமா நான் இல்லக்கா!"

"இவ இல்ல. அவன்." பெரியப்பா முன்கண்ணாடியிடம் பேசுவதுபோல் பேசினார். "அன்னிக்கும் தட்டினான். ஒரே தட்டு. பாதி ஏத்தத்துல லோடோட நிறுத்தினா திரும்ப எடுக்க முடியாது. மேல போய் நிறுத்திக்கலாம்டான்னு அழுத்தி ஏத்துனேன். மேல வந்து பாத்தா…"

தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் வைப்பரைப் போடவில்லை.

அக்கா இறங்கிப்போய்ப் பின்கதவு, சங்கிலி, கொக்கி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எதுவும் ஆடவில்லை.

"அந்த மெக்கானிக் சொன்னதும் தப்பில்லண்ணே. நீங்க இதை மறைச்சிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பம்ப் நல்லா இருக்கு. இந்த வியாதிக்கு என்கிட்ட பார்ட்ஸ் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "கீழ போய்த் திரும்ப ஏத்துங்க. தட்டுனா தட்டட்டும். காலை எடுக்காதீங்க. மேல வந்து நிறுத்திட்டு, லோடு மேல ஏறிப் பாருங்க."

இரண்டாம் முறை ஏறினோம். அதே வளைவு, தண்ணீர்த்தொட்டியின் அதே ஈரச் சுவர்.

டக்.

எனக்குக் கேட்டது. அக்காவின் கை டாஷ்போர்டை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன், ஆனால் அவருக்கும் கேட்டதா என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை. பெரியப்பாவின் கால் எழவில்லை. லாரி உறுமிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறியது.

மேலே நிறுத்தி, ஒல்லி மாமா வைக்கும் இடத்திலேயே சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பெரியப்பா லோடு மேலே ஏறினார். நாங்கள் கீழே நின்றோம்.

"நிறுத்திட்டேன்டா" என்று மேலிருந்து குரல் வந்தது.

தூறல் வலுத்தது. அவர் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. அக்கா முகவாயை அசைத்து எனக்கு ஜாடை காட்டினார். என் வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை. பாடியில் இரண்டு தட்டு தட்டினேன்.

தார்ப்பாய் ஓரத்தில் பெரியப்பாவின் தலை மெல்ல எட்டிப் பார்த்தது. கண்ணெல்லாம் சிவப்பு.

"யாருடி அது?"

"நான்தான். போலாமா?"

"கழுதை" என்று சொல்லி இறங்கினார்.

லாரியை விற்கவில்லை. எதையும் மாற்றவும் இல்லை. இப்போதெல்லாம் அந்த ஏற்றத்தின் உச்சியில் நிறுத்தி, கட்டை வைத்து, மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். நான் கூடப் போகிற நாட்களில் இரண்டு தட்டு என் பொறுப்பு. ஒரு தட்டு யார் பொறுப்பு என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அது இன்னும் வருகிறது.

ஏன் தாமதம் என்று பெரியம்மா கேட்டால், ஏற்றத்தில் டீ குடிக்கிறார் என்று ஒற்றர் தகவல் கொடுத்துவிடுவேன். அங்கே டீக்கடை கிடையாது. அது பெரியம்மாவுக்கும் தெரியும்.