வீட்டை லட்சணமாக வைக்கச் சொன்னேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பெங்களூரில் ஒரு சர்வே ஆபீஸ் குமாஸ்தா. நகரம் ஆனேக்கல் பக்கம் காலை நீட்டத் தொடங்கியிருந்தது. புதுச் சாலைக்குக் கல் நட்ட இடங்களில் பழைய குடியானவர் வீடுகள் இருந்தால் பட்டியல் எழுதச் சொன்னார்கள். பட்டியலில் ஏறிய வீட்டை இடிக்காமல் சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போடுவார்களாம். அந்த வேலை எனக்கு வந்தது. நாற்பது வயதிலேயே பழமையாகத் தெரிந்தவன் ஆபீசில் நான் ஒருவன்தான்.

மூன்று வாரம் சைக்கிள் மிதித்ததில் ஒரே ஒரு வீடு தேறியது. ஒன்றரை முழக் கனத்தில் மண்சுவர், நாட்டு ஓடு, கல்தூண்கள். வாசலைத் தாண்டியதும் மாடுகள். அவற்றுக்கு வழிவிட்டு உள்ளே போனால் மனிதர்கள். கூடத்தின் நடுவே தரைக்கடியில் ராகி கொட்டிவைக்கும் குழி, அதன்மேல் ஒரு கல்மூடி. இத்தனையும் பார்த்துவிட்டு நான் நோட்டில் எழுதியது: ‘பழைய வீடு. சுவர் கெட்டி.’ வயது என்ற இடத்தில் ‘மிக அதிகம்’.

வீட்டை நடத்தியது கணவனை இழந்த ஓர் அக்கா. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். வாயும் என்னைவிட மூத்தது.

“வூடு போயிட்டா மாட்ட எங்க கட்றது சாமி? உங்க ஆபீஸ்ல கட்டட்டுமா?”

“கட்டுங்கக்கா. அங்க ஏற்கெனவே முப்பது பேரைக் கட்டி வெச்சிருக்கு. பயப்படாதீங்க, அடுத்த மாசம் பெரிய இன்ஜினியர் வந்து பார்ப்பாரு. அவர் சரின்னா இந்த வீட்ட யாரும் தொட முடியாது. வீட்ட மட்டும் கொஞ்சம் லட்சணமா வெச்சிருங்க.”

கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம். இன்ஜினியரின் பளபளக்கும் ஷூ சாணியில் படுமே, நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று எனக்குக் கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

ஜீப்பில் இன்ஜினியரோடு போய் இறங்கினபோது வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் அரைகுறையாகச் செய்கிற குடும்பமா அது? சொந்தக்காரர்களெல்லாம் அத்திபெலேயிலிருந்து வந்து கைகொடுத்திருந்தார்கள். சுவர் முழுக்க சிமெண்ட் பூச்சு. கூரையில் புது மங்களூர் ஓடு. கல்தூண்களுக்கு நீல பெயிண்ட். துரை கால் தடுக்கி விழக்கூடாதென்று ராகிக் குழியை மண்போட்டு மூடி, மேலே சிமெண்டும் மெழுகியிருந்தார்கள். மாடுகளை மாந்தோப்புக்கு அனுப்பியாயிற்று.

அக்கா புதுப்புடவையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். ‘லட்சணம் போதுமா?’ என்று கேட்கிற சிரிப்பு.

“ஏன்யா, இதுவா பழைய வீடு? பெயிண்டே இன்னும் காயலயே!” என்றார் இன்ஜினியர்.

“உள்ளுக்குள்ள பழசு சார்.”

“உள்ளுக்குள்ள நானும்தான் பழசு. என்னையும் லிஸ்ட்ல சேர்த்துடு.”

நான் சிரித்தேன். மேலதிகாரி ஜோக் அடித்தால் தானாகச் சிரித்துவிடுகிற பழக்கம். சிரித்து முடிப்பதற்குள் அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். குழி பற்றியோ தூண் பற்றியோ அதில் ஒரு வரி இல்லை. ‘மிக அதிகம்’ என்பதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

வீடு இடிபட்ட அன்று போனேன். பாதி நின்ற சுவரில் சிமெண்ட் தோல்போல் உரிந்து, உள்ளிருந்த செம்மண் தெரிந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் ஏற்றிய வண்டியருகில் அக்கா நின்றாள்.

“சாமி, உண்மைய சொல்லுங்க. நாங்க சிமெண்ட் பூசாம வுட்டிருந்தா, வூட்ட வுட்டிருப்பாங்களா?”

“இல்லக்கா. எப்படியும் போயிருக்கும்.”

“அப்போ எங்க மேல தப்பில்ல” என்று பெருமூச்சு விட்டாள். “நானே கெடுத்துட்டேன்னு தூக்கமே இல்ல சாமி.”

தப்பு யார்மேல் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு வண்டியில் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.