பாராசூட் கயிற்றில் விளக்கெண்ணெய்

யுத்த காலத்தில் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் முப்பது பெண்கள் பாராசூட் கயிறுகளுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தோம். ஆள் குதிக்கிற பாராசூட் அல்ல. பர்மா எல்லைக் காட்டில் இருக்கும் பட்டாளத்துக்கு அரிசி மூட்டையை இறக்குகிற பருத்திக் குடை. கயிறுகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் இருக்க, மெழுகுக் கட்டியால் இழுத்துத் தேய்த்து, மிச்சத்தைப் பழந்துணியால் துடைத்துவிட வேண்டும். கையில் ஒட்டக்கூடாது, அதுதான் பக்குவம்.

அந்த எல்லையில்தான் என் வீட்டுக்காரர் ரோடு போடும் படையில் இருந்தார். மழைக்காலத்தில் லாரி வராது, வானத்திலிருந்து விழுந்தால்தான் சோறு என்று எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கயிற்றைத் தொட்டாலும் எனக்குப் பயம். அறுந்தால் அவர் பட்டினி.

எனக்குப் பிறவியிலேயே அதிகப்பிரசங்கித்தனம். மெழுகு போதும் என்று மனசு ஒப்பவில்லை. எங்கள் கிணற்றுக் கமலைக் கயிற்றுக்கு விளக்கெண்ணெய்தான் போடுவோம். நாள் முழுக்க மாடு இழுத்தாலும் நையாது. பட்டாளத்துக்காரனுக்குக் கயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்து, ஒரு சின்னப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு போய், யாரும் பார்க்காதபோது மெழுகுக்கு மேல் தாராளமாகத் தடவினேன். பன்னிரண்டு குடைகள். பெருமையாக வேறு இருந்தது.

நான் எண்ணெய் தடவிய பதின்மூன்றாவதை மேஸ்திரி பிரித்துப் பார்த்தார். கயிற்றிலிருந்து எண்ணெய் துணியில் ஊறி, மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கிடந்தது.

"வெளக்கெண்ணயாம்மா போட்டே? கயிறு நல்லாத்தான் இருக்கும். குடை விரியாது. மூட்டை கல்லு மாதிரி வந்து விழும்."

மற்ற பன்னிரண்டும் முந்தின நாளே மதராஸ் வண்டியில் போய்விட்டிருந்தன. தந்தி கொடுங்கள் என்று காலில் விழுந்தேன். அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான் போவணும். வாய மூடிக்கினு வேலையப் பாரு."

மூடிக்கொண்டேன். அவர் மேல் பழியைப் போடப் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

அதன்பிறகு வீட்டுக்காரரின் கடிதம் நின்றுபோனது. மயிலம் மலைக்கு நடந்தே போய், அந்தப் பன்னிரண்டும் ஆற்றில் விழட்டும், ஆளில்லாத காட்டில் விழட்டும் என்று முருகனிடம் கதறினேன். சோறு இறங்கவில்லை. தபால்காரர் தலை தெரிந்தால் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்துகொள்வேன்.

சண்டை முடிந்து அவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். நான் அழுத அழுகையைப் பார்த்துத் தெருவே சிரித்தது. வந்த வாரமே கமலைக் கயிற்றுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தவர், உள்ளங்கையை முகர்ந்தபடி அப்படியே இருந்துவிட்டார்.

"அங்க ஒரு தபா மூட்டை விழுந்துது. கயித்தத் தொட்டா நம்ம கெணத்துக் கயிறு வாசன. பைத்தியக்காரன் மாதிரி அத மோந்துக்கினே அழுதேன்."

குடை விரிந்ததா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எங்க விரிஞ்சுது? பக்கத்துல படுத்துக்கினு இருந்தவன் மேலயே விழுந்துட்டுது. நம்ம பக்கத்து ஊரு அனந்தபுரத்துக்காரன். அவன் பொண்டாட்டிய ஒரு எட்டு பாத்துட்டு வரணும். நீயும் வர்றியா?"

போனேன். வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்களே என்று அந்தப் பெண் எனக்கு மோர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.