நடுவில் இருந்த பெட்டி

மனைவியின் காதைக் கெடுத்தவர் என்று முனாப் காக்காவைப் பற்றி இப்போது எங்கள் ஊர் ஜமாலியாவில் ஒரு கதை உலவுகிறது. அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் வீட்டில் பாட்டுக் கேட்கும் செட்தான். இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், அவற்றை ஓட்ட, ஒலியைப் பெருக்கும் ஒரு பவர் அம்ப். அந்த அம்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க எதுவும் கிடையாது. கொடுத்ததை அப்படியே முழங்கும். அதற்கு முன்னால் ப்ரீஅம்ப் என்றொரு சின்னப் பெட்டி. சத்தத்தை அதன் திருகில்தான் வைக்கவேண்டும். திருகைக் காக்காவைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். மனைவி ஆமினா உம்மாவுக்குச் சிறு வயதுக் காய்ச்சலில் இடது காது போய்விட்டது. வலது காதை ஸ்பீக்கரோடு சாய்த்துத்தான் கேட்பார். அவருக்கு அளவாகச் சத்தம் வைப்பது காக்காவின் வேலை.

கட்டாரில் வேலை செய்யும் மருமகன் ஸாஜித் பெருநாளைக்கு விடுமுறையில் வந்தார். மகள் ரிப்காவைக் கட்டி அந்த வீட்டோடு மருமகனாக வந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படி வந்த மருமகன் ஒரு கதிரையை நகர்த்திப் போட்டால்கூட மாமனார் திருப்பி வைக்கமாட்டார். ஸாஜித் ஒரு டிஜிட்டல் பிளேயரைக் கொண்டுவந்து, ப்ரீஅம்பைக் கழற்றிவிட்டு, அதை நேரே பவர் அம்பில் இணைத்தார்.

“நடுவில இந்தப் பெட்டி என்னத்துக்கு மாமா? அது இரைச்சலத்தான் கூட்டும். போன்லயே கூட்டிக் குறைக்கலாம். கரண்ட் போய் வந்தாலும் தானாப் பாடும்.”

“ஓம் மகன். ஆனா கரண்ட் வந்தா, வச்ச அளவுலயே நிக்குமா?”

“நிக்கும் மாமா. பயப்படாதீங்க.”

இரைச்சல் குறைந்தது உண்மை. நானும் போய்க் கேட்டேன். ஆனால் காக்கா வேலியருகே வந்து என்னிடம் சொன்னார்: “எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. கையால திருகினது திருகின இடத்துல நிக்கும். இது அளவ மறந்திச்செண்டா முழுச் சத்தமும் அம்புக்குள்ள போகும்.”

“அப்ப பழைய பெட்டிய மாட்டுங்களேன் காக்கா.”

“மருமகன் செஞ்சத நான் எப்படிக் கழட்டுற? பிறகு ரிப்காட முகத்தப் பாக்க ஏலாது.”

அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போடவேண்டும்.

ஒரு பகல் கரண்ட் போனது. காக்கா ளுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். மீதிப் பாட்டுக்காக ஆமினா உம்மா ஸ்பீக்கரில் சாய்ந்தபடியே காத்திருந்தார். கரண்ட் வந்ததும் பிளேயர் அளவை மறந்து முழுச் சத்தத்தில் பாடியது. எங்கள் வீட்டு யன்னலே அதிர்ந்தது. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை நிறுத்தியபோது அவர் காதைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தார். அந்தக் காதும் இனிக் கேட்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

“சுவர்ச் சுவிட்சையாவது நிப்பாட்டியிருக்கலாமே மாமா,” என்றார் ஸாஜித். விடுமுறை முடிந்து போய்விட்டார்.

ஆமினா உம்மாவுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. கணவர்தான் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார் என்று அவர் நம்புகிறார். எழுதிக் காட்டலாமே என்று காக்காவிடம் கேட்டேன்.

“எழுதினா மருமகன்ட பேரத்தானே எழுதணும்,” என்றார்.

போன கிழமை நான் அங்கே இருந்தபோது காக்கா மனைவிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “எனக்கு இருந்தது ஒரு காது. அதையும் எடுத்திட்டீங்களே.”

காக்கா அவர் முகத்துக்கு நேரே நின்று, ஓம் என்று தலையாட்டினார்.