சலீம் நானா தராத சீமெந்து

சலீம் நானா இன்று காலை காலமாகிவிட்டார்.

தெஹியோவிட்ட டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தாரே, அவர்தான். சுபஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாராம்... அப்படியே. நோய், ஆஸ்பத்திரி என்று ஒரு நாள்கூட இழுபடவில்லை.

போன் வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. நல்ல வேளை, போன வாரம் போய்ப் பார்த்தேன் என்றுதான் தோன்றியது. ஏனென்று சொன்னால் என் மானம்தான் போகும். போகட்டும்.

தோட்டத்து லயத்தை விட்டு ஹவுசிங் ஸ்கீமுக்கு வந்தபோது எங்களுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் கொடுத்தார்கள். என் வீட்டுக்குப் பின்னால் அகலமான ஒரு கான், திறந்த வடிகால். மலையில் பெய்யும் மழையும் மேலே உள்ள பதினாலு வீட்டுத் தண்ணீரும் அதில்தான் இறங்கும்.

ஏழு பேர்ச்சில் இவ்வளவு இடத்தைத் தண்ணீருக்கு விடுவதா? ஓ.எல். பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் பெயிலான நான் ஒரு பிளான் போட்டேன். கானுக்குள் ஆறு இஞ்ச் பைப், மேலே கொங்கிரீட், அதன் மேல் மகளுக்குப் படிக்க ஒரு ரூம்...

சீமெந்து வாங்கப் போன இடத்தில் நானா "என்னத்துக்கு?" என்றார். பெருமையாகச் சொன்னேன்.

"பதினாலு வீட்டுத் தண்ணியும் இதுக்குள்ளயா?" ஒரு பைப்பை எடுத்துக் கையை உள்ளே விட்டுக் காட்டினார். "ஒரு வாழ மட்ட சிக்கினா முடிஞ்சி. தண்ணி மொதல்ல ஒன்ட மகள்ட ரூமுக்கு வரும். பொறகு கீழ் வீட்டுக்கு. கீழ் வீட்டுக்காரன் என்ட கஸ்டமர். சீமெந்து இல்ல, தம்பி."

"அந்தா அடுக்கி வச்சிருக்கீங்களே நானா!"

"ஒனக்கு இல்ல. மம்பட்டி ஈக்கி, வேணுமா? கொண்டு பெய்த்து கான அள்ளு."

பக்கத்தில் நின்ற சிங்கள மேசன் பாஸ் "ஹரி முதலாளி, ஹரி!" என்று ஆமோதித்து விழுந்து விழுந்து சிரித்தார். வெட்கத்தில் நானும் மண்வெட்டியை வாங்கித் தொலைத்தேன்.

போகும்போது சும்மா போயிருக்கலாம். அவர் பக்கத்தில் குனிந்து, "வயசாயிருச்சுன்னா வீட்டுல கெடக்கணும், யாவாரத்துக்கு வரக் கூடாது" என்று ஏசிவிட்டு வந்தேன். அவர் பாட்டுக்கு அடுத்த ஆளுக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அதுதான் குத்தியது.

வீட்டுக்கு வந்தால் மனைவி பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "ரூம் கட்டப் போன மனுசன் கான் வெட்ட வந்திருக்காரு, பாருங்க!" என்றாள்.

அந்த ரோஷத்தில்தான் கானை அள்ளினேன். அள்ளியதில் பாதி நானே போட்ட குப்பை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. குழாய்க்கு ஒரு வாஷர் வாங்க அவிசாவளைக்கு பஸ் ஏறிய ஆள் நான்.

பிறகு இப்போது பெய்து ஓய்ந்த இந்த மழை... மூன்றாம் நாள் பின்னேரம் கானில் செந்தண்ணி மரக்கொப்புகளோடு இறங்கியது. நான் கொப்புகளை இழுத்துப் போட, மகள் புத்தகங்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு ஜன்னலில் நின்று கத்தினாள்: "அப்பா, கான் நெரம்ப இன்னும் ஒரு சாண் இருக்கு!" கொஞ்ச நேரத்தில், "அப்பா, நாலு விரல்தான் இருக்கு!"

அந்த நாலு விரலோடு நின்றது. வாசற்படிகூட நனையவில்லை.

டவுனில் தண்ணீர் ஏறி, நானாவின் கடையில் சேறு. போன வாரம் விளக்குமாற்றோடு போனேன். ஸ்டூலில் இருந்து ஆட்களை ஏவிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்தா?"

"இல்ல நானா. ஒரு சொட்டு வரல."

"அல்ஹம்துலில்லாஹ்! ரூம முன் பக்கம் கட்டு. அதுக்குச் சீமெந்து தாறன்."

"நானா, அன்னைக்கு ஏசிட்டேன்... மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"எப்ப ஏசின?"

"போறப்ப. இந்தப் பக்கம் நின்னு."

"அட, இந்தக் காது கேக்காதே தம்பி! என்ன சொன்னாய்? இப்ப சொல்லு."

சொன்னேன். கடையே அதிரச் சிரித்தார். "சரிதான், என்ட பொஞ்சாதியும் அதத்தான் சொல்ற!"

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். நாங்கள் ஸ்கீமிலிருந்து ஒரு வேன் நிறையப் போகிறோம், கீழ் வீட்டுக்காரரும் வருகிறார்.

இங்கே எல்லார் வீட்டுத் தரையும் காய்ந்திருக்கிறது, நானா. நிம்மதியாகப் போங்க.